சைபர் நாளில் பறித்த கொழுந்து

எங்கள் தவளைக்கல் தோட்டத்தில் ஒரு நாளைக்கு எழுநூறு கிலோ கொழுந்து பறித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். மற்றவர்களுக்கு விடியலில் மலையேறி, மாலைவரை குனிந்து பறித்து, இருபது கிலோவைத் தொடுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இவள் எழுநூறு. பெயர் வேலாயி. அந்தச் சாதனையைச் செய்த மாதத்தில் அவள் ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை என்பதுதான் விசேஷம்.

நான் பொய் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். சொல்லக்கூடியவன்தான். முப்பத்தாறு வருடம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் பொய் சொல்லத் தெரியாது என்றால் அதுதான் பெரிய பொய். ஆனால் இந்த எழுநூறு என் சரக்கு அல்ல, கம்பனியின் சரக்கு. அதற்கு முத்திரை குத்திய கடிதம் இருக்கிறது.

தவளைக்கல், கொட்டகலைக் கடைவீதியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். இறங்கிய பின் நடை. நடைதூரத்தை நாங்கள் அட்டைக்கடியில்தான் அளப்போம். ரோட்டிலிருந்து ஆபீசுக்குப் பதினொரு கடி. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் நான் அந்தப் பதினொன்றையும் வாங்கிக்கொண்டு தினமும் பத்து மணிக்கு ஆபீஸ் விறாந்தையில் போய் உட்கார்ந்துவிடுவேன். பத்திரிகை படிக்க என்று சொல்வேன். உண்மையில், நான் இல்லாமல் அந்த ஆபீஸ் இடிந்து விழுவதைக் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்று ஆசை. அது நான்கு வருடமாக விழாமல் நின்று என்னை அவமானப்படுத்திக்கொண்டிருந்தது. விதுசன் வந்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

விதுசன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பட்டதாரி. கம்பனி அவனைத் தோட்டத்துக் கணக்கையெல்லாம் கணினிக்குள் ஏற்றுவதற்காக அனுப்பியிருந்தது. நல்ல பிள்ளை. அவனிடம் ஒரே ஒரு நோய். காலியாக ஒரு கட்டத்தைக் கண்டால் அவனுக்கு அன்று சோறு இறங்காது. அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஓர் எண் இருந்தே தீரவேண்டும். அவனை ஒரு வெறுங்காட்டில் கொண்டுபோய் விட்டால் மரத்துக்கு மரம் எண் எழுதிவிட்டுத்தான் திரும்புவான்.

அவன் செய்த முதல் வேலை, ஒவ்வொருவருக்கும் மாதச் சராசரி. பறித்த மொத்தக் கிலோவை வேலை செய்த நாட்களால் வகுத்தால் ஆளின் சராசரி வரும். எங்கள் பக்கம் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்போம். காலையில் பெரட்டில் நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர் விழும்; பதினெட்டுக் கிலோ என்ற நோமுக்கு, அதாவது நாளளவுக்கு, குறைந்தால் கூலி குறையும். அந்தப் பேரெல்லாம் ஏறும் ஏடு செக்ரோல். செக்ரோலில் பெயர் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் லயத்து வரிசை வீட்டில் காம்பரா என்ற ஒற்றை அறை. பெயரை வெட்டிவிட்டால் அதோடு தலைக்கு மேலிருக்கும் தகரமும் போய்விடும்.

மே மாத முடிவில் விதுசன் ஆபீஸ் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினான். சராசரி ஒன்பது கிலோவுக்குக் குறைந்தவர்களின் பெயர் செக்ரோலிலிருந்து நீக்கப்படும். கீழே தோட்டத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சராசரிப் பட்டியல். எல்லாருக்கும் கடைசியில், சிவப்பு எழுத்தில், வேலாயி: 0.00.

மே மாதம் முழுக்க வேலாயி எங்கே இருந்தாள் என்பது தோட்டத்துக்கே தெரியும். முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் போனவளைக் குளவி கொட்டிவிட்டது. நாற்பதாயிரம் குளவி என்று நான் சொல்கிறேன். கூடப் போன காளியாயி முப்பது என்கிறாள். இடையில் ஒரு தொகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய நாட்கள் மழையில் மலை பூட்டியிருந்தது. ஆக, அந்த மாதத்தில் அவள் பெயருக்கு ஒரு பேரும் இல்லை, ஒரு கிலோவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஊசியும்தான்.

காளியாயி அவளுக்குப் பக்கத்துக் காம்பரா, முறைக்கு மதினி. அறிவித்தலுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றபோது நான் விறாந்தையில்தான் இருந்தேன்.

“என்னா மதினி, ஒம்பேருக்கு நேரா மூணு முட்டய வச்சிருக்கானுங்க? வூட்டுக்குக் கொண்டுபோயி பொரிச்சுத் திங்கவா?” என்றாள் காளியாயி.

“ஒனக்கு என்னாடி, சிரிப்பு வராம என்னா செய்யும். இருவத்தொண்ணு போட்ருக்கான் ஒனக்கு.” வேலாயியின் முகம் இன்னும் வடியவில்லை; ஒரு கண் பாதிதான் திறந்தது. வலது கை தலையணை மாதிரி இருந்தது. “மூஞ்சி பலாப்பழமாட்டம் வீங்கிக் கெடந்தேன். எம் புருசன் கொழும்புலருந்து பாக்க வந்துட்டு, அடுத்த கட்டில்காரிகிட்ட போயி ‘வேலாயி, வேலாயி’ன்னு அழுவுறாரு. அப்பிடிக் கெடந்தவ என்னாத்தப் பறிக்கிறது?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “கிளாக்கரய்யா, நீங்க படிச்சவங்கதானே. பேரு வெட்டுன்னு போட்ருக்கே, மெய்தானா?”

“மெய்தான்,” என்றேன்.

“இருவத்தாறு வருசம் இந்த மலையில நின்னுருக்கேன்யா. பேர வெட்டிப்புட்டா காம்பராவும் போயிரும். சட்டிபானயத் தூக்கிக்கிட்டு எங்க போறது?”

அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் அவள் பாதி மூடிய கண்ணோடு அந்த 0.00-ஐ முறைத்துக்கொண்டு நின்றாள். வேலாயி முறைத்தால் வட்டவளையில் ரயில் சிக்னல் தானாக விழும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

விதுசன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். மரியாதை தெரிந்தவன்.

“தம்பி, இந்தச் சைபர் எங்க இருந்து வந்துச்சு?” என்று கேட்டேன்.

“அது கணினி போட்டது ஐயா.”

“கணினி போட்டுச்சா, நீங்க போட்டீங்களா?”

கொஞ்சம் நெளிந்தான். “முதல் அது போடேல்லை. நாள் பூச்சியம் எண்டால் பூச்சியத்தாலை வகுக்கவேணும். அப்பிடிக் குடுத்தால் இது பிழை எண்டு காட்டும். கட்டம் அசிங்கமா இருக்கும். அதாலை, பிழை எண்டு வந்தால் பூச்சியம் போடு எண்டு நான்தான் சொல்லி வைச்சனான்.”

பாருங்கள். அந்த ஆபீசில் யோக்கியமான சீவன் ஒன்றே ஒன்று இருந்தது. அது அந்தப் பெட்டி. என்னால் முடியாது என்று அது மறுத்திருக்கிறது. மறுத்த வாயை அடைத்து அதற்குள் ஒரு முட்டையைத் திணித்துவிட்டார்கள்.

“வேலாயி, ஒரு கணக்குச் சொல்லு பாப்போம்,” என்றேன். “ஆறு பேரு சாப்பிட ஒக்காந்துருக்காங்க. ரொட்டி ஒண்ணுகூட இல்ல. ஆளுக்கு எத்தன?”

“ஒண்ணுமில்ல. ஆறு பேரும் பட்டினி.”

“சரி. ஆறு ரொட்டி இருக்கு. சாப்புட ஒரு ஆளும் இல்ல. ஆளுக்கு எத்தன?”

வேலாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “ஆளே இல்லாத வூட்டுல ரொட்டி சுட்ட பைத்தியக்காரி யாருய்யா?”

“அதான் தம்பி,” என்றேன். “மொத கணக்குக்கு சைபர்னு விடை இருக்கு. அது பட்டினி. ரெண்டாவதுக்கு விடையே கெடையாது. அது ஆளில்லாத வீடு.”

“ஐயா, அவவின்ரை கணக்கிலை ரொட்டியும் இல்லை, ஆளும் இல்லைத்தானே,” என்றான் விதுசன். மூளைக்காரன், விட்டுக்கொடுக்கவில்லை. “பூச்சியத்தைப் பூச்சியத்தாலை வகுத்தால் பூச்சியம் எண்டு வைச்சால் என்ன? திருப்பிப் பெருக்கிப் பாருங்கோ. சராசரியை நாளாலை பெருக்கினால் கிலோ வரவேணும். பூச்சியம் தர பூச்சியம், பூச்சியம். சரியா வருது!”

அவன் வெற்றியோடு சிரித்த அந்த நேரத்தில்தான் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை உள்ளே வந்தார். பெரியதுரை கண்டிப் பக்கத்துச் சிங்களவர். பத்து வருடத்தில் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டவர். கெட்ட மனிதர் அல்ல. முடிவெடுப்பது என்ற ஒரு காரியம் மட்டும் அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

“சரியாச் சொன்னீங்க தம்பி,” என்றேன் நான், துரைக்கும் கேட்கும்படி. “இப்ப சராசரி பதினெட்டுன்னு போடுங்க. பதினெட்ட சைபர் நாளால பெருக்குங்க.”

“பூச்சியம்.”

“அதுவும் சரியா வருதில்ல? ஐயாயிரம்னு போடுங்க.”

விதுசன் பெட்டியில் தட்டிப் பார்த்தான்.

“அதுவும் சைபர்தானே? ஆக, வேலாயி மே மாசத்துல நாளைக்கு ஐயாயிரம் கிலோ பறிச்சான்னு நான் சொன்னாலும் ஒங்க பெட்டி மறுக்க முடியாது. எதப் போட்டாலும் ஒத்துவர்ற எடத்துல, பேர வெட்டுற நம்பராப் பாத்து ஏன் பொறுக்கி எடுத்தீங்க?”

“மாத்தியா என்ன சொல்றது?” என்று பெரியதுரை என்னைக் காட்டி விதுசனைக் கேட்டார். விதுசன் சிங்களத்தில் விளக்கினான். துரை நெற்றியைத் தடவினார். ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேலாயியின் வீங்கிய முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

“ஹரி, ஹரி, சரி. மே மாசம் விட்டிட்றோம். ஜூன் பாக்கலாம். ஜூன்லயும் ஒம்பது இல்லைன்னா, அப்ப ரூல் ரூல்தான்.”

“தொர, ஜூன் கடசி வரைக்கும் வேல செய்யக்கூடாதுன்னு டாக்டரய்யா துண்டு குடுத்துருக்காரு,” என்றாள் வேலாயி.

“துண்டை ஃபைல்ல போடுங்க,” என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறிவிட்டார். முடிவெடுத்த களைப்பு அவருக்கு மூன்று நாள் இருந்திருக்கும்.

ஆக, வேலாயிக்குக் கிடைத்தது மன்னிப்பல்ல, தவணை. ஜூனிலும் அவள் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் நாள் சைபர், கிலோ சைபர், மறுபடியும் அதே மூன்று முட்டை. இந்த முறை பெயர் போய்விடும். லயத்துக்குத் திரும்பும் வழியில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேலாயி பேசாமல் நடந்ததை அந்த மலை அதுவரை கண்டதில்லை. பயந்து மழைகூடச் சற்று நின்றது.

பதினைந்து நாள் கழித்து, விறாந்தையில் எனக்கு ஒரு பிளேன்டீயை நீட்டிவிட்டு விதுசன் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் பூரித்திருந்தது.

“ஐயா, நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதான். பூச்சியத்தாலை வகுக்கேலாது. இப்ப அந்தப் பிரச்சினையே இல்லை. தீர்த்துப்போட்டன்.”

“எப்பிடி?”

“நாள் பூச்சியம் எண்டால் அதைப் பூச்சியம் எண்டு வைக்காமல், புள்ளி பூச்சியம் ஒண்டு எண்டு மாத்தி வைச்சிட்டன். நாளிலை நூறிலை ஒரு பங்கு. ஒருதருக்கும் தெரியாது. பூச்சியம் கிலோவை அதாலை வகுத்தாலும் பூச்சியம்தானே வரும். கணினியும் சத்தம் போடாது, கட்டமும் வெறுமையா இருக்காது.”

நான் பிளேன்டீயைக் கீழே வைத்தேன். ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படிப்பட்ட பேறு கிட்டும். முப்பத்தாறு வருடம் வாயைத் திறந்தே வைத்திருந்தவன், அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, “கெட்டிக்காரன் தம்பி நீங்க,” என்று மட்டும் சொன்னேன். காரணம், விதுசனுக்குத் தோட்டத்தில் ஒன்று தெரியாது. கைக்காசு.

கைக்காசு என்றால் வேறொன்றுமில்லை. கொழுந்து மிஞ்சிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பெரட்டு இல்லாமல், யார் வேண்டுமானாலும் மலைக்குப் போய்ப் பறிக்கலாம். பறித்த கிலோவுக்கு மட்டும் கூலி. கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கினால் தவிர அன்றைக்குப் பேர் விழாது. கிலோ ஏறும், நாள் ஏறாது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நடக்கும் வழக்கம். அட்டவணை போட்ட பிள்ளைக்கு அதை யாரும் சொல்லவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தேன், நானும் சொல்லவில்லை. எனக்கு நரகத்தில் இடம் ஒதுக்கியிருந்தால் நல்ல ஜன்னலோர இடமாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலமே மேல்லயத்துக்கு ஏறிப்போனேன். வேலாயி வாசலில் இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கடசி ஞாயித்துக்கெழம கைக்காசு இருக்கு. போறியா?”

“துண்டு குடுத்துருக்காரே டாக்டரய்யா.”

“துண்டு எந்தக் கைக்கு?”

அவள் வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். “நீங்க எதயோ செய்யப்போறீங்க. மொகத்துலயே தெரியிது.”

“நீ அஞ்சாறு கிலோ பறிச்சாப் போதும். பேரு மட்டும் வாங்கிறாத. பேரு வாங்குனா எல்லாம் கெட்டுப்போயிரும்.”

“என்னாயா இது, நாளு பூரா பேருக்குத்தானே சாவுறோம். இப்ப பேரு வேணாங்கிறீங்க.” கீரையைத் தள்ளி வைத்தாள். “என்னா ஆவும்? சொல்லிப்புட்டுச் செய்யச் சொல்லுங்க. காம்பரா என்னுது, ஒங்களுதில்ல.”

நியாயம். சொன்னேன். ஒரு ரொட்டியை எடுத்து நூறு துண்டாக்கி, ஒரு துண்டுதான் ஒரு நாள் என்று பெட்டியை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தத் துண்டு நாளுக்குள் ஏழு கிலோ போய் விழுந்தால் முழு நாளைக்கு எவ்வளவு என்று அது கணக்குப் போடும் என்று விளக்கினேன். முழுவதும் புரிந்ததா தெரியாது. “எழுநூறா!” என்றாள். பிறகு ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். வீக்கத்தில் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் நான்கு மணித்தியாலம் ஒரே கையால் பறித்தாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசுக்கு நின்றது செல்லசாமி கணக்கப்பிள்ளை. தராசு ஏழு காட்டியது.

“ஏழு. பேரு போடவா?” என்று கேட்டார்.

“வேணாங்க. கைக்காசு,” என்றாள் வேலாயி, கோயிலில் நேர்த்திக்கடன் கழிக்கிறவள் மாதிரி. அவர் கையிலிருந்த டெப் என்ற சிறு கணினியில் தட்டினார். கிலோ ஏழு, நாள் சைபர். காரியம் முடிந்தது.

ஜூலை முதலாம் திகதி பட்டியல் சுவருக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மேலே, பச்சை எழுத்தில், வேலாயி: 700.00. இரண்டாமிடம் காளியாயி: 22.40.

காளியாயி வயிற்றில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “ஒத்தக் கையில எழுநூறு! ரெண்டு கையும் நல்லாருந்தா நம்மளயெல்லாம் ஊருக்கு அனுப்பிட்டு நீயே தோட்டத்த ஓட்டிருவ போல!”

விதுசன் அதைப் பார்த்தது பத்தே கால் மணிக்கு. அவன் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதோ, சரிபாதி எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். நான் அன்று பத்து வயது குறைந்து உட்கார்ந்திருந்தேன். திருத்தலாம் என்றால் முடியாது. மாதப் பட்டியல் விடியற்காலையிலேயே தானாகக் கொழும்புக்குப் போய்விடும்படி அவனே செய்து வைத்திருந்தான். அது அவனுடைய இன்னொரு கெட்டிக்காரத்தனம்.

நான்காம் நாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பெரியதுரை எங்கள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். வேலாயி, விதுசன், நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே எல்லாருக்குள்ளும் அடங்குவேன் என்று எடுத்துக்கொண்டேன். கடிதத்தை விதுசன் தமிழில் படித்தான்; படிக்கப் படிக்கக் குரல் தேய்ந்தது.

தவளைக்கல் தோட்டத்தின் சாதனையைப் பணிப்பாளர் சபை மெச்சுகிறது. வேலாயி என்பவரின் பறிக்கும் முறையைப் படமெடுத்து மற்றத் தோட்டங்களுக்குக் காட்ட வருகிற செவ்வாய்க்கிழமை ஆட்கள் வருகிறார்கள். மேலும், ஒருவரால் எழுநூறு முடியுமென்றால், ஏனையோருக்கு அதில் பாதி, அதாவது நாளொன்றுக்கு முந்நூற்றைம்பது கிலோவை நோமாக வைப்பதன் சாத்தியத்தைப் பெரியதுரை உடனே ஆராய்ந்து அறிவிக்கவும்.

கொழும்பில் இருப்பவர்கள் தேயிலையைக் கோப்பையில் மட்டும் பார்த்தவர்கள் என்று நான் எண்ணியிருந்தது தவறு. அவர்கள் கோப்பையையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

“முந்நூத்தம்பது,” என்றார் பெரியதுரை. “யார் பறிக்கிறது?”

“ஒருத்தரும் பறிக்க ஏலாது தொர,” என்றேன். “ரூலுப்படி நானூத்திப் பன்னெண்டு பேரு பேரயும் வெட்டணும். வெட்டிட்டுப் பாருங்க, தோட்டத்துக்கு நல்ல காலம். செக்ரோல்ல ஆளே இல்ல. எல்லாரும் கைக்காசுக்கு வந்து பறிக்கட்டும். மாசத்துக்கு எட்டாயிரம் கிலோ வந்தாப் போதும். நாளு சைபர். தம்பியோட புள்ளியால வகுத்தா நாளைக்கு எட்டு லச்சம் கிலோ சராசரி. ஒரு தொழிலாளியும் இல்லாத தோட்டந்தான் ஒலகத்துலயே மொத தோட்டம்!”

நான் கேலிக்குத்தான் சொன்னேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் மிகை ஒரு துளியும் இல்லை, பெரியதுரையின் கண்ணில் ஒரு வினாடி ஓர் ஆசை வந்து போனது. ஒரு பேரும் இல்லை. லயமும் காம்பராவும் இல்லை, துண்டு கொண்டுவரும் ஆளும் இல்லை. எட்டு இலட்சம் கிலோ மட்டும் இருக்கிறது. அது அவருடைய ஆசை என்றுகூடச் சொல்லமாட்டேன். அந்த நாற்காலியின் ஆசை.

பிறகு அவர் தலையை உதறிக்கொண்டு வேலாயியைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முகத்துக்கு நேரே பார்த்தார். “வேலாயி, செவ்வாக்கெழம ஆள் வந்தா நீங்க ஒடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க. நாங்க பெறகு மெதுவா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது.”

“எதுக்குத் தொர பொய் சொல்லணும்? வரட்டும், பறிச்சுக் காட்டுறேன்.” வேலாயி இடது கையை இடுப்பில் ஊன்றினாள். “ஆனா ஒண்ணு. நான் எழுநூறு பறிச்சது சைபர் நாள்ல. ஒங்க சைபர் நாளு எந்தக் கெழம வருதுன்னு சொல்லச் சொல்லுங்க. அன்னிக்கு வாறேன். மத்தக் கெழமையில எனக்குப் பதினெட்டே பெரும்பாடு.”

வெளியே ஜீப் டிரைவர் மூக்கைச் சிந்தியது கொட்டகலைவரை கேட்டிருக்கும்.

“பிழை எண்டு எழுதுவம் சேர்,” என்றான் விதுசன். இந்த இடத்தில் நான் அவனைக் கொஞ்சம் மெச்சத்தான் வேண்டும்; பழியைப் பெட்டியின் மேல் போடவில்லை. “என்ரை பிழை. பூச்சியத்தாலை வகுக்கேலாது எண்டு பள்ளிக்கூடத்திலை படிச்சனான். கணினியும் முதல் நாளே சொன்னது. வெறுமையா ஒரு கட்டம் கிடக்கிறது வடிவில்லை எண்டு நான்தான் மறைச்சுப்போட்டன்.”

“எழுதுறது எழுதுறீங்க, சேத்து எழுதுங்க,” என்றாள் வேலாயி. “எழுநூறு பொய்யின்னா, அந்த மூணு முட்டையும் பொய்யிதான். ஒண்ண மட்டும் அழிக்க வுடமாட்டேன்.”

பெரியதுரை ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. “ஹரி,” என்றார், ஒரே தடவை.

கடிதத்தை நானே சொல்லச் சொல்ல விதுசன் தட்டினான். ஒருவர் ஒரு நாளும் வேலை செய்யாத மாதத்தில் அவருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. அந்தக் கட்டத்தில் சிறு கோடு ஒன்று மட்டும் இடப்படும். கோட்டைக் காட்டி எவருடைய பெயரும் செக்ரோலிலிருந்து வெட்டப்படமாட்டாது. மே மாதத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் வேலாயியின் பெயருக்கு நேரே கோடு. கோட்டைப் போடும்போது விதுசனுக்குக் கை கூசியது. பல்லுப் பிடுங்கக் கொடுப்பவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். துரை கையெழுத்திட்டார். படமெடுக்கும் ஆட்கள் வரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: எழுநூறு தொடர்பான கடிதம் ஏற்கெனவே மற்றத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டதால், அதைத் திரும்பப் பெறுவது குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இன்றைக்கும் யாரோ ஒரு துரை, ஒரு நாளைக்கு எழுநூறு கிலோ பறித்த வேலாயியைக் காட்டித் தன் ஆட்களை ஏசிக்கொண்டிருப்பார்.

அடுத்த திங்கட்கிழமை வேலாயி பெரட்டுக்கு வந்தாள். செல்லசாமி கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டார். அவள் போட்ட “இருக்கேன்!” சத்தத்தில் மடுவத்துத் தகரத்திலிருந்த காகம் ஐந்தும் பறந்து, இரண்டு திரும்பி வரவேயில்லை. இரண்டு கையாலும், வலி பொறுத்து, பொழுது சாயும்வரை பறித்தாள். நான் வேண்டுமென்றே நிறுவை நேரத்துக்கு மடுவத்துக்குப் போயிருந்தேன்.

தராசு பதினாறு காட்டியது. கணக்கப்பிள்ளை டெப்பில் பதினாலு என்று தட்டினார்.

“பதினாறுல்ல காட்டுது?” என்றாள் வேலாயி.

“சாக்குக்கு ஒண்ணு, எல மேல தண்ணிக்கு ஒண்ணு கழிவு. வழக்கந்தானே.”

“என்னா மதினி, எழுநூறுலருந்து பதினாலுக்கு எறங்கிட்ட, வெக்கமா இல்லையா?” என்று வரிசையிலிருந்து காளியாயி கத்தினாள்.

வேலாயி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கைத் தராசிலிருந்து இறக்க விடாமல் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கு மழ பேயல. தண்ணி எங்க இருக்குன்னு காட்டுங்க, கணக்கப்பிள்ள. காட்டிட்டு வெட்டுங்க.”

செல்லசாமி என்னைப் பார்த்தார். நான் ஒரு கல்லைத் துடைத்து உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற பெண்களும் ஒவ்வொருவராகச் சாக்கை இறக்கி வைத்தார்கள். அவசரப்பட்டுப் போக யாருக்கும் மனம் இல்லை.